அவள் சொல்லாத வாக்கியம்

பிப்ரவரி 4

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று தொடங்க இன்று கை வரவில்லை. அந்த வார்த்தையை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள்கிறேன். அதுவும் உன் பதிலைப் பொறுத்துத்தான்.

நம் புத்தகத்தின் பிழைதிருத்தப் பிரதி நேற்று அச்சகத்திலிருந்து வந்தது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு, விருந்துக்கு உட்காருகிறவள் போல உட்கார்ந்தேன். நான்கு அத்தியாயம் வரைக்கும் எனக்குப் பெருமைதான். அட்டையில் உன் பெயரும் என் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைக்கூட இரண்டு முறை திருப்பிப் பார்த்துக்கொண்டேன். ஐந்தாம் அத்தியாயத்தில், நம் தீர்க்கதரிசினியின் சொந்தச் சொல் என்று பக்கத்தின் நடுவில், பெரிய எழுத்தில் ஒரு வாக்கியம் போட்டிருக்கிறாயே, அங்கே வந்ததும் பென்சில் கீழே விழுந்துவிட்டது.

'இந்த நாக்கை எனக்கு நீங்கள் தரவில்லை. பிறகு எப்படித் திருப்பிக் கேட்கிறீர்கள்?'

இதை அவள் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

உனக்குத் தெரிந்ததையே மறுபடி எழுதப் போகிறேன். கோபம் வந்தால் முதல் பாடத்திலிருந்து தொடங்குவது என் பழக்கம். இரண்டாம் நூற்றாண்டில் ஒரு கிறிஸ்தவப் பெண் எழுந்து நின்று, பரிசுத்த ஆவியானவர் என் வழியாகப் பேசுகிறார் என்றாள். கூட்டம் கூடியது. ஆயர்களுக்குப் பொறுக்கவில்லை. அவள் பக்கத்து ஆட்கள் எழுதிவைத்தது எதுவும் முழுதாக நமக்கு மிஞ்சவில்லை. மிஞ்சியது அவளைத் திட்டி எழுதியவர்களின் புத்தகங்கள். அதற்குள்ளே, 'பாருங்கள், இவள் இப்படி உளறினாள்' என்று காட்டுவதற்காக அவர்கள் எடுத்துப்போட்ட ஒரு கைப்பிடி வாக்கியம். உன்னோடு சுவர்ச் சண்டை போட்ட அடுத்த வீட்டுக்காரர் சொன்னதை மட்டும் வைத்து உன் வாழ்க்கையை எழுதச் சொன்னால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி வேலை இது. அதனால்தான் நான் குறிப்பு அட்டைகள் எழுதினேன்.

கரும்பலகையில் செய்ததைத்தான் அட்டையிலும் செய்தேன். அவளைத் திட்டி எழுதிய ஆயர் தன் வாயால் சொல்வது சிவப்பு மை. அவர் எடுத்துக்காட்டும் அவளுடைய சொல் நீல மை. பச்சை மை என்றால் நானே கட்டிய உதாரணம். 'மேடையை விட்டு இறங்கு என்றால் இந்த மாதிரி ஒருத்தி என்ன கேட்டிருப்பாள்?' என்று படிக்கிறவருக்குப் புரியவைக்க. வகுப்பில் 'ராஜா காலையில் எழுந்து, பல் தேய்த்து, சோம்பல் முறித்தார்' என்று சொல்லிவிட்டுத்தான் போருக்குள் போவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். அது பச்சை. அதைப் பரீட்சையில் எழுதினால் மதிப்பெண் கிடையாது என்று பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

என்னுடைய பச்சையை நீ அவள் வாயில் போட்டுவிட்டாய். எடு. அச்சகத்துக்கு நீயே எழுது. நான் எழுதினால் உனக்கு மரியாதையாக இருக்காது. போனில் கூப்பிட வேண்டாம். போன தடவை முதலில் வைத்தது நீயா நானா என்ற வழக்கே இன்னும் தீரவில்லை.

அக்கா


பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. ஒரு பாடம் நடத்தியதற்கு நன்றி. அந்தப் பெண்ணைப் பற்றி எனக்குத் தெரியாது என்று நினைத்து இரண்டாம் நூற்றாண்டிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். அவளைப் பற்றி முதலில் உங்களிடம் சொன்னவனே நான்தான் என்பது பாடத்திட்டத்தில் விட்டுப்போயிருக்கிறது.

உங்கள் அட்டைகளின் நகல்தான் என்னிடம் இருக்கிறது. மூலத்தைப் பிரிய உங்களுக்கு மனமில்லை. 'தபாலில் தொலைந்துவிடும்' என்று நகல் எடுத்து அனுப்பினீர்கள். நகல் எடுக்கும் இயந்திரத்துக்குச் சிவப்பு, நீலம், பச்சை எல்லாம் ஒன்றுதான். எல்லாம் கறுப்பு. கறுப்பு எழுத்தில் எது ஆவியானவரின் சொல், எது என் அக்காவின் சொல் என்று பிரித்தறிய எனக்கும் தீர்க்கதரிசன வரம் வேண்டும்.

வாக்கியத்தை எடுக்க முடியாது. இப்போது முடியாது. காரணம் சொல்கிறேன்.

ஐந்தாம் அத்தியாயத்தைப் போன மாதம் சபையின் பெண்கள் கூட்டத்தில் வாசித்தேன். அந்த ஒரு வரியில் கூட்டமே நிமிர்ந்து உட்கார்ந்தது. சபையில் பெண்களும் பிரசங்கம் செய்யலாம் என்று தீர்மானம் கொண்டுவர வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தார்கள். முன்னால் நிற்பவள் என் மனைவி. அவள் வேலை உங்களுக்குத் தெரியும்: பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். வாரம் முழுக்க மைக்கில் பேசுகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மைக் கிடையாது. போதகனின் மனைவிக்கே கிடையாது.

சபையை நடத்தும் மூப்பர்கள் கூட்டத்தில் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பெரிய மூப்பர், அந்த மரக்கடைக்காரர், சொன்னார்: "என்னம்மா, பேசணும்னு தோணுச்சுன்னா வீட்ல போதகர்கிட்ட சொல்லுங்க. அவர் வந்து சொல்லிடுவார். எதுக்கு ரெண்டு வேலை?" என் மனைவி எழுந்து நின்று சொன்னாள்: "எங்களை மௌனத்தில் பூட்டிவைத்த காலம் முடிந்தது. பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன் எங்கள் சகோதரி எழுப்பிய வினாவை இன்று நானும் எழுப்புகிறேன்: இந்த நாக்கை எனக்கு நீங்கள் தரவில்லை. பிறகு எப்படித் திருப்பிக் கேட்கிறீர்கள்?"

மரக்கடைக்காரர் ஆதாரம் கேட்டார். என் கைப்பிரதியைத் திறந்து அடிக்குறிப்பைக் காட்டினேன். தலையாட்டினார்.

மார்ச் மாத முதல் ஞாயிறு வாக்கெடுப்பு. அதுவரை நீங்கள் பேசாமல் இருந்தால் போதும். புத்தகம் அதற்குள் அச்சேறிவிடும். மற்றதை இரண்டாம் பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
தம்பி


பிப்ரவரி 13

தம்பிக்கு,

'அன்புள்ள' இன்னும் மேசை மேலேயே இருக்கிறது.

நகல் கறுப்பு, ஒப்புக்கொள்கிறேன். அது என் கணக்கில் இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு அட்டையிலும் வலது மேல் மூலையில் ஆயருடைய புத்தகத்தின் பக்க எண் இருக்கும். நகல் இயந்திரம் நிறத்தைத் தின்னும், எண்ணைத் தின்னாது. பச்சை அட்டையில் எண் கிடையாது. என் தலைக்குள்ளிருந்து வந்ததற்கு எந்தப் பக்கத்தைப் போடுவேன்? எண்ணே இல்லாத அட்டைக்கு உன் அத்தியாயத்தில் அடிக்குறிப்பு எங்கிருந்து முளைத்தது?

உன் அடிக்குறிப்பு காட்டும் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். அங்கே ஆயர் நோன்பு நாட்களைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருக்கிறார். நாக்கு என்ற சொல்லே இல்லை, ருசி பார்க்கக்கூட.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் இருந்தான். கணக்கில் விடை தெரியாவிட்டால் பக்கத்துக் கணக்கின் விடையைத் தூக்கி இதற்கும் போட்டுவிடுவான். கேட்டால், "டீச்சர், இடம் காலியா இருந்தா அசிங்கமா இருக்கே" என்பான். அவன் இப்போது கட்டட ஒப்பந்தக்காரன். அவன் கட்டிய எந்தக் கட்டடத்துக்குள்ளும் நான் போவதில்லை. நீயும் அதையே செய்தாய், செய்துவிட்டு அதை மூப்பர்களிடம் ஆதாரம் என்று நீட்டியிருக்கிறாய்.

இன்னொன்று. அந்த வரியில் கூட்டமே நிமிர்ந்து உட்கார்ந்தது என்கிறாய். உட்காராமல் என்ன செய்யும்? இந்தக் காலத்துப் பெண்ணொருத்தி, பணியில் இருந்தவரை தலைமையாசிரியர்களிடம் 'உட்காருங்கம்மா, அப்புறம் பேசலாம்' என்று கேட்டுக் கேட்டுச் சலித்தவள், தன் கோபத்தை வைத்துக் கட்டிய வாக்கியம் அது. அழகாக இருக்கிறது. அதுதான் அதன் குற்றம். தீர்க்கதரிசினி நிஜமாகச் சொன்னவை அழகாக இல்லை. தனக்குப் பின் வேறு தீர்க்கதரிசி இல்லை, முடிவுதான் என்றாள். முடிவு வரவில்லை. போர் வரும் என்றாள். அவள் இறந்து பல ஆண்டு கழித்து ஒருவன், 'எங்கே போர்?' என்று கேலி எழுதினான். தன்னைக் கேட்க வேண்டாம், கிறிஸ்துவைக் கேளுங்கள் என்றாள். இதில் எதைக் கேட்டும் உன் சபைப் பெண்கள் நிமிர்ந்து உட்கார மாட்டார்கள். இருந்தாலும் இவைதான் அவள். பிடிவாதமும் பயமும் தவறிப்போன கணக்கும் உள்ள ஒரு மனுஷி. அவளைத் துடைத்துவிட்டு என்னைக் கொண்டுவந்து அங்கே உட்கார வைக்காதே.

எதிரி அவள் பேச்சை வெட்டினான். நாம் ஒட்டுகிறோம். அவனாவது அவள் பேசியதைத்தான் வெட்டினான்.

ஒரு கேள்விக்கு நேர்ப் பதில் வேண்டும். ஊரெதிரே நின்று அந்த வாக்கியத்தைச் சொன்னவள் உன் மனைவி. அது நான் கட்டியது என்று அவளுக்குத் தெரியுமா?

அக்கா


பிப்ரவரி 18

அக்கா,

'நீங்கள்' போதும். எனக்கும் மூச்சு வாங்குகிறது.

எண் இல்லை. ஆமாம். நீ போட மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். முந்தைய அட்டையின் எண்ணை இதற்கும் போட்டேன். உன்னுடைய கவனக்குறைவு அச்சில் தெரியக்கூடாது என்றுதான் போட்டேன். என் அக்காவும் ஒரு தடவை தவறு செய்வாள் என்று வாழ்க்கையில் ஒரே ஒரு முறை நம்பினேன், அதற்குத்தான் இந்தத் தண்டனை.

ஒப்பந்தக்காரன் கதையைப் படித்துச் சிரிப்பு வரவில்லை. உன் உதாரணங்களில் எப்போதும் யாரோ ஒரு மக்குப் பையன் வருவான். சின்ன வயதிலிருந்தே கவனித்திருக்கிறேன், அந்தப் பையனுக்கு என் காது, என் மூக்கு.

நான் போதகனானதும் என் முதல் பிரசங்கத்தை உனக்கு அனுப்பினேன். நீ சந்தோஷப்படுவாய் என்று அனுப்பினேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. வரிக்கு வரி திருத்தம். கடைசிப் பக்கத்தில், 'முயற்சி நன்று.' அதை இன்னும் வைத்திருக்கிறேன், எதற்கென்று கேட்காதே. அதன்பின் ஞாயிற்றுக்கிழமை மேடையேறும்போதெல்லாம் மூன்றாவது பெஞ்சில் நீ பென்சிலோடு உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். நீ இந்தச் சபைக்கு வந்ததே இல்லை. இருந்தும் இருக்கிறாய்.

இங்கே பெண்கள் முதல் தடவையாக எழுந்து நிற்கிறார்கள். மரக்கடைக்காரருக்கு ஒரு துரும்பு கிடைத்தால் போதும். 'பொய் சொல்லித்தான் மேடையேறப் பார்த்தீர்கள்' என்பார், அத்தோடு இன்னும் இருபது வருஷத்துக்கு இந்தப் பேச்சே எழாது. உனக்கு அது பொருட்டில்லை. உனக்கு அடிக்குறிப்பு சரியாக இருக்க வேண்டும். இறந்துபோன ஒருத்தியின் மரியாதைக்காக உயிரோடிருக்கிற பெண்களைப் பலி கொடுப்பாய்.

என் மனைவியிடம் சொன்னாயா என்று கேட்டாய். சொன்னேன். அவள் சொன்னாள்: "எந்தக் கரத்தின் வழியாக வந்தாலும் அது உண்மையின் குரலே. உண்மைக்கு மையின் நிறம் கிடையாது. அந்த வாக்கியத்தை எடுக்க நான் சம்மதியேன்."

கேட்டாயா? அவளே சொல்லிவிட்டாள். நீ இன்னும் எதிர்த்தால் ஒன்று செய்கிறேன், புத்தக அட்டையிலிருந்து உன் பெயரை எடுத்துவிடுகிறேன். பழி முழுக்க என்னுடையதாக இருக்கட்டும். புத்தகமும்.

தம்பி


பிப்ரவரி 22

தம்பிக்கு,

என் பெயரை எடு. இன்றைக்கே எடு. ஆனால் என் பெயர் போகிற வண்டியில் என் வாக்கியமும் ஏறட்டும். உரியவளை இறக்கிவிட்டு அவள் மூட்டையை மட்டும் வைத்துக்கொள்ளாதே.

பிரசங்கத்தைத் திருத்தியதைப் பற்றி: நீ ஒரு நல்ல வரி எழுதியிருந்தாய், மூன்றாம் பக்கத்தில், பசித்தவனைப் பற்றி. அதன் பக்கத்தில் நான் ஒன்றுமே எழுதவில்லை. நல்ல வரியைத் தொடாமல் விடுவதுதான் பாராட்டு என்று நினைக்கிற வகை மனுஷி நான். அது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது நான் வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும். இதைத் தனியாகச் சண்டை போடலாம். இதில் கலக்காதே.

இப்போது உன் மனைவி.

என் கண் அறுவைக்கு அவள் வந்து என்னோடு இருந்தாளே, அப்போது அவள் பேசியது என் காதிலேயே இருக்கிறது. "அண்ணி, கண்ணைக் கசக்குனீங்க, கையைக் கட்டிருவேன்." மருந்து போடும்போது, "மேல பாருங்க. மேலன்னா மேல. என்னைப் பாக்காதீங்க, நான் ஒண்ணும் அழகு இல்ல." ஒரு மூச்சில் நான்கு வார்த்தைக்கு மேல் பேசாதவள். பேருந்து எண்ணையும் புறப்படும் இடத்தையும் நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம் என்பாள்.

உன் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். மரக்கடைக்காரர் மனுஷன் மாதிரிப் பேசுகிறார். 'எதுக்கு ரெண்டு வேலை' என்று கேட்கிறபோது அவர் தொப்பையே கண்ணுக்குத் தெரிகிறது. உன் மனைவி மட்டும் 'வினாவை எழுப்புகிறேன்' என்கிறாள். 'சம்மதியேன்' என்கிறாள். தம்பி, அடுப்படியில் நின்று எந்தப் பெண் 'சம்மதியேன்' என்பாள்?

அவள் சொன்னது இது இல்லை. இது நீ. மூப்பர்கள் அறையில் அவள் ஏதோ சொல்லியிருக்கிறாள், அந்த வரியையும் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் கடிதத்துக்குள் வந்து சேர்வதற்குள் அவளுக்கு அங்கி மாட்டி, குரல் மாற்றி, பிரசங்க மேடையில் ஏற்றிவிட்டாய். 'உண்மைக்கு மையின் நிறம் கிடையாது' என்பதை அவள் சொல்லவே இல்லை என்று அடித்துச் சொல்வேன். ஏனென்றால் நீ இன்னும் அவளிடம் எதையும் சொல்லவில்லை.

அந்த ஆயராவது எதிரி. எதிரி திரித்து எழுதுவான் என்று படிக்கிறவருக்குத் தெரியும், கொஞ்சம் கழித்துக்கொண்டு படிப்பார். நீ அவள் பக்கத்து ஆள். பக்கத்து ஆள் மாற்றி எழுதினால் அவளை எந்தப் புத்தகத்திலிருந்து யார் மீட்டெடுப்பது?

ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அவளிடம் சொல். அவள் கையில் ஓட்டைப் பாத்திரத்தைக் கொடுத்துத் தண்ணீர் சுமக்க அனுப்பியிருக்கிறாய். பாத்திரம் ஓட்டை என்று அவளுக்காவது தெரிய வேண்டும். தெரிந்த பிறகு அதைத் தூக்குவதும் போடுவதும் அவள் இஷ்டம்.

அக்கா


மார்ச் 5

அக்கா,

உனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. வாக்கியத்தை எடுத்துவிட்டேன். அச்சகத்துக்குக் கடிதம் போய்விட்டது. உன் பெயர் அட்டையில் இருக்கிறது. சந்தோஷமா?

நீ சொன்னது சரி. அப்போது நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. இதை எழுத எனக்கு எவ்வளவு எரிகிறது என்பதை நீ கற்பனை செய்துகொள்ளலாம், ஏதாவது ஒரு நிறத்தில்.

சனிக்கிழமை மாலை சொன்னேன். அவள் வேலைச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அப்போ மரக்கடைக்காரர் ஆதாரம் கேட்டப்ப?"

"அப்ப எனக்குத் தெரியாது. சத்தியமா."

"அண்ணி லெட்டர் எப்ப வந்துச்சு?"

நான் இஸ்திரிப் பெட்டியின் வயரைக் கழற்றினேன்.

"எப்பங்க வந்துச்சு?"

"பிப்ரவரி ஆரம்பத்துல."

"நேத்து வரைக்கும் நான் அந்த வரியைப் பயிற்சி பண்ணிட்டிருந்தேன். பாத்ரூம்ல. நீங்க வெளிய நின்னு கேட்டுட்டு, 'கேக்கிறீர்கள் இல்ல, கேட்கிறீர்கள்'னு திருத்துனீங்க."

அவ்வளவுதான் பேசினாள். இது அவள் சொன்னதேதான். ஒரு எழுத்தும் நான் சேர்க்கவில்லை. சேர்க்கத் தெம்பில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து கூட்டம். கணவன் என்பதால் நான் உள்ளே இருக்கக்கூடாது என்று மரக்கடைக்காரர் விதியைக் காட்டினார். அங்கி மாற்றும் அறையில் உட்கார வைத்தார்கள். நடுவில் கதவு. மேலே மின்விசிறி கடகடவென்று ஓடியது, அதை நிறுத்தும் பொத்தான் அந்தப் பக்கம். என் காதில் விழுந்ததை மட்டும் எழுதுகிறேன். முதலில் மரக்கடைக்காரரின் இருமல். ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு அவள் குரல். வார்த்தை பிடிபடவில்லை. ரொம்ப நேரம் பேசினாள், நான்கு நான்கு வார்த்தையாகத்தான். நடுவில் யாரோ சிரித்தார்கள். கேலிச் சிரிப்பா, நல்ல சிரிப்பா என்று கதவு வழியாகத் தெரியவில்லை. அப்புறம் எல்லா நாற்காலிகளும் ஒரே நேரத்தில் நகர்ந்தன.

தீர்மானம் தோற்றுவிட்டது.

வெளியே வந்தவர்களிடம் கேட்டேன். மரக்கடைக்காரர், "மன்னிப்பு கேட்டுட்டாங்க போதகரே, விஷயம் முடிஞ்சுது" என்றார். பாடகர் குழுத் தலைவி, "மன்னிப்பா? கிழிகிழின்னு கிழிச்சுட்டா" என்றாள். ஆர்கன் வாசிக்கிறவர், "அழுதுட்டாங்க சார், பாக்கவே கஷ்டமா இருந்துச்சு" என்றார். மூன்று பேரும் ஒரே அறையில் இருந்தவர்கள். வீட்டுக்கு வரும் வழியில் அவளிடமே கேட்டேன். "கேட்டவங்ககிட்ட கேட்டுக்கங்க" என்றாள்.

திங்கட்கிழமை விடுப்புச் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று சொல்லவில்லை. உன்னிடம்தான் வந்திருப்பாள், அவளுக்குப் போகிற பேருந்தெல்லாம் மனப்பாடம். போன் செய்தால் எடுக்கவில்லை.

உன் நேர்மை என் வீட்டில் இதைச் செய்தது. நீ சொன்னபடி கேட்டு ஒரு வார்த்தை சொன்னேன், வீடு காலியாகிவிட்டது. என் மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் வைத்துக்கொள். ஆனால் அவள் அந்த அறையில் என்ன சொன்னாள் என்று உன்னிடம் சொல்லியிருந்தால் எனக்கு எழுது. ஊரே கேட்டிருக்கிறது. எனக்கு மட்டும் தெரியாது.

தம்பி


மார்ச் 10

தம்பிக்கு,

அவள் இங்கேதான் இருக்கிறாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். பின்பக்கக் கதவின் தாழ்ப்பாளைச் சரி செய்தாள். அவளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உன்னைப் பற்றி வேண்டுமானால் படு.

அவள் வந்து நின்றபோது நான் வாசலுக்கு ஓடினேன். கையை நீட்டித் தடுத்துவிட்டாள். "வா வான்னு கொஞ்சாதீங்க அண்ணி. உங்க மேலயும் கோவமாத்தான் வந்திருக்கேன்."

உள்ளே வந்து பையை வைத்தாள். உட்காரவில்லை. "பொம்பள பேச்சை யாரும் மாத்தக்கூடாதுன்னு மாசம் பூரா லெட்டர் போட்டீங்களாமே."

"போட்டேன்."

"என் நம்பர் உங்ககிட்ட இருக்குல்ல?"

"இருக்கு."

"ஒரு போன்?"

தம்பி வீட்டு விஷயம், அவன் சொல்வதுதான் முறை என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். "அப்ப நீங்களும் அவர் வழியாத்தான் என்கிட்ட பேசுவீங்க. சரி. மரக்கடைக்காரரும் அதத்தான சொன்னார்" என்றாள். வகுப்பில் இத்தனை வருஷம் நின்றிருக்கிறேன், என்னை யாரும் இப்படி பெஞ்சு மேல் ஏற்றியதில்லை. உனக்கு எழுதிய கடிதங்களில் ஒரு எழுத்தையும் நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் அவற்றை எழுதிய நேரத்தில் அந்தப் போனை எடுத்திருக்கலாம்.

மறுநாள் காலையில் அவளே சொன்னாள், அந்த அறையில் என்ன பேசினாள் என்று. நான் கேட்கவில்லை. மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். முதல் வார்த்தையிலிருந்து கடைசி வரை சொன்னாள், அவர்கள் எங்கே சிரித்தார்கள், ஏன் சிரித்தார்கள், அதற்கு அவள் என்ன சொன்னாள் என்பது உட்பட. உனக்கு மூன்று பேர் சொன்ன மூன்றில் ஒன்றுகூட அது இல்லை. நம் இரண்டு பேராலும் கட்டியிருக்கக் கூடியதும் இல்லை. என் வாக்கியத்தைப் பற்றியும் அதில் ஒரு பேச்சு உண்டு. அது எனக்கு அவ்வளவு இனிப்பாக இல்லை.

தீர்மானம் தோற்றதற்கு அவள் அழவில்லை. அடுத்த வருஷமும் கேட்பாளாம். "இந்தத் தடவை ஏன் தோத்தோம்னு தெரியுது அண்ணி. அடுத்த தடவை வேற எதுலயாவது தோக்கலாம்" என்கிறாள். பாடகர் குழுத் தலைவியோடு தினமும் பேசிக்கொண்டிருக்கிறாள். என்ன பேசுகிறாள் என்று நான் ஒட்டுக் கேட்பதில்லை.

சனிக்கிழமை உன் கடிதம் வந்தது. அவளிடம் கொடுத்தேன். படித்தாள். இஸ்திரி போட்ட பகுதியை இரண்டு முறை படித்தாள் என்று நினைக்கிறேன். "இதுல சரியாத்தான் எழுதியிருக்கார்" என்றாள். கடிதத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். அதை எனக்குத் திருப்பித் தரவில்லை.

நீ கேட்டிருந்தாயே என்று நான் பேனாவைத் தேடி எழுந்தேன்.

"எங்க போறீங்க?"

"நீ அங்க பேசினத எழுதி அனுப்பறேன். பாவம், கேட்டிருக்கான்."

"எழுதாதீங்க."

"நீ சொன்னபடியே எழுதறேன். ஒரு வார்த்தை மாத்த மாட்டேன்."

"அண்ணி, உங்களால முடியாது." சிரித்துக்கொண்டே சொன்னாள். "ஒரு உதாரணமாவது சேத்துருவீங்க. அவருக்கு வேணும்னா வரட்டும். எதிர்ல உக்காந்து கேக்கட்டும்."

"வந்தா சொல்லுவியா?"

"அது அவர் எப்படிக் கேக்கறாருங்கறதப் பொறுத்து."

ஆகவே அது இந்தக் கடிதத்தில் இல்லை. என்னிடமிருந்து உனக்கு அது எந்தக் கடிதத்திலும் வராது. என் மேல் கோபப்படு, எனக்கும் உன் மேல் கோபம் அப்படியே இருக்கிறது. அடிக்குறிப்பு விஷயத்தை நான் விடப்போவதில்லை, நேரில் வரும்போது அதற்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கு. அவளுக்கு வெள்ளிக்கிழமை வரை விடுப்பு. அதற்குப் பிறகு எங்கே போவாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நீ வந்தால் என்ன செய்யட்டும் என்று இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன் அவளிடம் கேட்டேன். அவள் சொன்ன பதிலை மட்டும் எழுதலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறாள்.

"வாசல்லயே நின்னு பிரசங்கம் ஆரம்பிச்சார்னா, கதவைத் திறக்காதீங்க."

அக்கா